நாலுவழிச்சாலையைப் பிரேமா கடந்த ஐந்து நாள்

2007 மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோவில்பட்டிக்கு வெளியே நாலுவழிச்சாலையைச் சைக்கிளில் கடக்கத் தொடங்கிய பிரேமா, சனிக்கிழமை மதியம்தான் மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிற வெள்ளாங்குளத்திலிருந்து மேற்கே நூல் மில்லுக்கு முதல் ஷிப்டு போய்க்கொண்டிருந்தாள். எல்லைக்கல் நட்டவர்கள் அளந்தபடி சாலையின் அகலம் அறுபது தப்படி. நடந்தவர்களுக்கும் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கும் அது அறுபது தப்படியாகவே இருந்தது. தனியாகச் சைக்கிளில் இறங்கியவர்களுக்கு மட்டும் விரிந்தது. தை மாதமே அறிகுறி தெரிந்தது. சைக்கிள்காரர்கள் கால் மணி, அரை மணி என்று மில்லுக்குப் பிந்தி வந்து, ரோடு நீளுது என்று காரணம் சொன்னார்கள். வாசலில் யாரும் நம்பவில்லை.

அன்று பிரேமா சோற்றுத் தூக்கை மறந்து போனாள். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த அவள் அம்மா சத்தியபாமா, மகள் நடுச்சாலையில் மிதித்துக்கொண்டே இருப்பதையும் மறுகரை அவளைவிட்டு விலகிப்போவதையும் பார்த்தாள். லாரிகள் பிரேமாவுக்கு முன்னும் பின்னும் சீறிப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் சைக்கிள் ஒரு முழம் சரிந்து நிமிர்ந்தது.

“ஏட்டி, திரும்பி வந்திரு!” என்று சத்தியபாமா கத்தினாள்.

“எம்மா, திரும்புனாலும் அம்புட்டுத் தூரந்தான் தெரியுது” என்று பிரேமாவின் குரல் வந்தது. அதற்குப்பின் குரல் எட்டவில்லை.

புதன்கிழமை அவள் ஒரு விரல் உயரம் தெரிந்தாள். வியாழக்கிழமை மிளகளவு. பக்கத்து வீட்டுச் சுந்தரபாண்டி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனான். எண்ணிப் பத்து நொடியில் அந்தப் பக்கம் போய் நின்று, வழியில் யாரும் இல்லை என்று கைவிரித்தான். பொழுது இறங்கிய பிறகு தூரத்தில் டைனமோ விளக்கு மட்டும் தெரிந்தது. மிதித்தால்தான் அது எரியும். அது மங்கும்போதெல்லாம் சத்தியபாமா மண்ணை அள்ளி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். திரும்ப எரிந்ததும் உட்கார்ந்தாள்.

பிரேமாவின் அய்யா பெருமாள்சாமி நாகலாபுரம் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். சேதி கிடைத்து, வெள்ளியும் இரவுமாக நடந்து, சனிக்கிழமை காலை நூற்றுப்பத்து ஆடுகளோடு வந்து சேர்ந்தார். மந்தையைச் சாலையில் இறக்கினார். ஆட்டை அடித்தால் நாலு ஊர் கூடி லாரியை மறித்துவிடும் என்பது எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். வரிசையாகப் பிரேக் அடித்து நின்றார்கள். லாரிகள் நின்றதும் சாலை சுருங்கியது. நாலைந்து எட்டில் மகள் தெரிந்தாள். உதடு வெடித்து, கரும்புகை அப்பிய முகத்தோடு, பின்சக்கரத்தில் காற்று இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

“எய்யா, பெல் அடிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“அடிக்காத தாயி, ஆடு வெருண்டுரும். இறங்கி நடுமந்தைக்குள்ள உருட்டிக்கிட்டே வா. அங்கன இங்கன பாக்காத.”

மறுபக்கம் போனபிறகும் கைப்பிடியை அவள் கை விடவில்லை. மந்தையோடு நடந்து வந்த சத்தியபாமா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். மில்லில் அஞ்சு நாள் ஆப்சென்ட் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பிரேமா மறுபடி போனாள். பயம் போகவில்லை, சாலை ஓரம் வந்ததும் வாந்தி எடுத்தாள். ஆனால் மில் அந்தப் பக்கம்தான் இருந்தது. பெருமாள்சாமி கிடையை ஊரோடு மாற்றிக்கொண்டார். காலை ஆறரைக்கு ஒருதரம், சாயங்காலம் நாலரைக்கு ஒருதரம் மந்தை இறங்கியது. சைக்கிள்காரர்கள் காத்திருந்து அதற்குள் புகுந்துகொண்டார்கள். பெல் அடிக்கக் கூடாது, மந்தைக்கு முந்தக் கூடாது, பின்தங்கவே கூடாது என்று விதிகள் தாமாக ஏற்பட்டன. இரண்டு வருஷம் கழித்து அதிகாரிகள் வந்து பார்த்து, ‘ஆடுகள் கடக்கும் இடம்’ என்று மஞ்சள் பலகை வைத்தார்கள். சைக்கிளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பிரேமாவுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைக்கும் ஆடு பார்த்துச் சைக்கிள் விடத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

ரேஷன் கடையில் எடை போடுகிற வெயிலுமுத்து மட்டும் 2009 புரட்டாசியில் அவசரமென்று மந்தைக்கு முன்னால் தனியாக இறங்கினார். அவரை எந்த மந்தையும் எட்டவில்லை. மழை பெய்து வெறித்த நாள்களில் வெள்ளைச் சட்டை தெரியும், இன்னும் மிதித்துக்கொண்டிருப்பார். அடுத்த தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் அவர் வீட்டு வாசலில் நின்று, ஆள் இறந்துட்டாரா, ஊரை விட்டுப் போயிட்டாரா என்று கேட்டார்.

“ரெண்டும் இல்ல சார்,” என்றாள் அவர் மனைவி கல்யாணசுந்தரி. “ரோட்டக் கடந்துக்கிட்டிருக்காவ.”

வந்தவர் சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு பட்டியலில் பெயரை அடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.