நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

வெள்ளிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியோடு சேர்த்துக் குரலும் போய்விடும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கின் மனைவி அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் அவருக்குத் தேவைப்படும் வாக்கியங்களை எழுதினாள். 'தண்ணி வேணும்', 'கதவ சாத்து', 'வலிக்குது', 'கேஸ்காரன் வந்தானா?' என்று மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று வாரமாக மனுஷன் அவற்றைப் பேசிப் பேசி லேப்டாப்பில் பதிந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் அவர் குரலே பேசும், அதுதான் ஏற்பாடு.

அவள் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவள். வீட்டிலிருந்த லேப்டாப், கூடத்துக் கம்ப்யூட்டர் இரண்டும் பள்ளியில் கழித்துக்கட்டியவை. லினக்ஸ் போட்டு உயிரோடு வைத்திருந்தாள். ஆனால் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாக டிக் டிக் என்றது. அது என்றைக்கு வேண்டுமானாலும் காலை வாரும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாரினால் மறுபடி பதியக் குரல் ஏது?

போனில் அவள் தம்பி, "ரெண்டு டிஸ்க் போடற பெட்டி ஒண்ணு வாங்கிடுக்கா, அதுவே ரெண்டுலயும் நகல் எடுத்து வெச்சுக்கும்" என்றான். விலையைக் கேட்டதும் அவளுக்குத் தலை சுற்றியது. அவனுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்வான்! கிளவுடில் போடலாம் என்றால் மாதாமாதம் கையைக் கடிக்கும். வீட்டு இன்டர்நெட்டோ ஒரு போட்டோவை அனுப்பவே முக்கி முனகும்.

"லிஃப்டுக்கு எத்தன கயிறு தெரியுமா?" என்றார் அவர், கரகரத்த குரலில். "நான் பாக்கற லிஃப்டுல அஞ்சு. ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும். தங்கத்துலயா போடறோம்? சாதா இரும்புக் கயிறுதான்."

ரிப்பேர் கடையில் பழைய டிஸ்க் ஒன்றைச் சல்லிசாக வாங்கிவந்தாள். தினமும் சாயங்காலம் அவர் பேசி முடித்ததும் அதை லேப்டாப்பில் சொருகி, ஆர்சிங்க்கை ஓட்டினாள். புதிதாகச் சேர்ந்ததை மட்டும் நகலெடுக்கிற, காசு கேட்காத புரோகிராம் அது. வேலை முடிந்தது என்று திரையில் வரும். அவளும் அப்பாடா என்று எழுந்துபோவாள்.

வியாழன் மதியம் ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கும்போது அவர் கேட்டார். "அந்த டிஸ்க்க வேற மெஷின்ல போட்டுப் பாத்தியா?"

"அதான் தினமும் முடிஞ்சதுன்னு வருதேங்க."

"பிரேக் சரியா இருக்குன்னு பேனல்ல லைட்டுகூடத்தான் எரியும். அத நம்பி ஒருத்தரையும் ஏத்தினதில்ல நான். வெயிட்டு வெச்சு ஓட்டிப் பாப்பேன்."

நாளைக்கு ஆபரேஷன், இன்றைக்கும் இன்ஸ்பெக்‌ஷனா! முணுமுணுத்துக்கொண்டே டிஸ்க்கைப் பிடுங்கிக் கூடத்துக் கம்ப்யூட்டரில் சொருகினாள். காலி. ஒரு ஃபைல்கூட இல்லை.

லேப்டாப்பைத் துழாவியதும் விஷயம் புரிந்துவிட்டது. டிஸ்க்கைச் சொருகினால் மட்டும் போதாது, அதற்கென்று வைத்த ஃபோல்டரோடு இணைக்க வேண்டும். வாங்கிய அன்று இணைத்துப் பார்த்ததோடு சரி, அப்போது எதையும் நகலெடுக்கவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் அந்த இணைப்பு போய்விட்டது. மூன்று வாரமும் நகல்கள் அதே பெயருள்ள வெறும் ஃபோல்டரில், அதே டிக் டிக் டிஸ்க்கிலேயே விழுந்திருக்கின்றன.

"எனக்கு அறிவே இல்லங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "உங்கள உள்ள கூட்டிட்டுப் போனப்புறம் இது செத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?"

"சாகலயே. அழாம வேலயப் பாரு."

இந்த முறை ஒழுங்காக இணைத்தாள். டிஸ்க் இணையவில்லை என்றால் வேலையே தொடங்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தாள். நகலெடுத்து, கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டு எண்ணினாள். நானூற்று இருபத்தொன்று.

"ஒம்பது எப்படிங்க கூட வந்துச்சு?"

மெக்கானிக் திடீரென்று மும்முரமாகத் துண்டை மடிக்க ஆரம்பித்தார். அவள் கூடுதலாக இருந்த ஒன்பதில் முதலாவதைத் தட்டினாள்.

"ஏ வாத்து!"

அவள் நடையைப் பார்த்து, கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர். அது சமையலறைக்குக் கேட்கிற கூப்பாடு. அடுத்தது கண்ணாடியைக் காணோம் என்று தேடுகிற வாத்து. ஒன்று கோபத்தில், ஒன்று கோபம் தணிந்து அசடு வழிகையில். ஒன்பதாவது காரணமே இல்லாமல், மெதுவாக.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ எழுதின லிஸ்ட்ல தண்ணி இருக்கு, மாத்திர இருக்கு, கேஸ்காரன்கூட இருக்கான். நீ மட்டும் இல்ல."

அவள் மறைக்காமல் அழுதாள். அவர் மைக்கை எடுத்தார். "வேற எப்படியாவது கூப்பிடணுமா? இப்பவே சொல்லு, பதிஞ்சிடலாம்."

டிஸ்க்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினாள்.

"பதிய வேணாம். சும்மா கூப்பிடுங்க."

கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளும் ஒவ்வொரு முறையும், "ம், சொல்லுங்க" என்றாள்.