கட்டணம் கட்டாத பேத்தி

பெட்ரோலுக்குப் பணம் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நகரப் பேருந்தில் ஆயுசில் பாதியை ஸ்டியரிங்குக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எல்லோருக்கும் 'டிரைவர் சார்'. சொந்த வீட்டில், கூடத்துச் சுவரோரம் போட்ட ஒற்றைக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அறையில் இப்போது மகளும் மாப்பிள்ளையும். மனைவியின் தையல் மெஷின் இருந்த சின்ன அறையில் பேத்தியும் அவளுடைய பொம்மைகளும். தையல் மெஷின் மாடிப்படிக்குக் கீழே போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

"ஆறு மாசம்தாம்பா, ஃப்ளாட் சாவி கைக்கு வந்ததும் கிளம்பிடுவோம்" என்று சொல்லித்தான் வந்தார்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கட்டடம் நாலாவது மாடியோடு நின்றுபோயிருந்தது. மகள் வாங்கியது ஏழாவது மாடியில். ஆகாயத்தில் இருக்கும் வீட்டுக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தவணைக்குப் பணம் போதாமல் போனபோதுதான் அவருடைய பென்ஷன் கார்டு மகள் கைக்குப் போனது. ஒருமுறை பணம் எடுக்கும் மெஷின் அவர் கார்டை விழுங்கிவிட்டது. வங்கியில் நடையாய் நடந்து அதை மீட்டுக்கொண்டு வந்ததும் மகள், "நீங்க அலைய வேணாம்பா, நானே எடுத்துத் தர்றேன்" என்றாள். எடுத்தாள். தருவதுதான் குறைந்துகொண்டே வந்தது. முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றாலும் கேட்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை நல்லவர், யார் சண்டைக்கும் போகாதவர். "வச்சுக்குங்க மாமா" என்று நாலாக மடித்த நோட்டை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். யாரும் பார்த்துவிடக்கூடாதாம். பார்க்கக்கூடாத அளவுக்கு அதில் என்ன அவமானம் என்று கேட்கத் தோன்றும். கேட்கமாட்டார். கேட்டால் முடி வளர்ந்தபடியே இருக்குமே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது மனைவியின் பல் விஷயத்தில்.

அந்த அம்மாளின் மேல் வரிசைப் பல் செட் முகம் கழுவும்போது தொட்டியில் விழுந்து இரண்டாகிப்போனது. அன்றிலிருந்து எதையும் ஊறவைத்து, மசித்துத்தான் சாப்பாடு. அதுகூடப் பரவாயில்லை. சிரிப்பு வந்தால் வாயைக் கையால் மூடிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். அவர் அடிக்கும் அரதப்பழசான ஜோக்குகளுக்கும் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே ஜீவன் அவள். சம்பளத்துக்கு மேலே கிடைக்கும் படி மாதிரி அந்தச் சிரிப்பை இத்தனை வருஷம் வாங்கிப் பழகியவர், அது நின்றுபோனதும் வாயடைத்துப்போனார். மகளிடம் சொன்னால், "அடுத்த மாசம் பார்க்கலாம்பா" என்றாள். அந்த அடுத்த மாதம் ஒரு மாதத்திலும் வரவில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் பணம் கேட்டார். காலையும் மாலையும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது அவர்தான். மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

"சொந்தப் பேத்தியைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பெட்ரோல் கணக்கு பாக்கறீங்களாப்பா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

அவர் பேத்தியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பேத்தியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அடிக்கும் கோபம் ஒரு படி ஏறியது. என் வீடு, என் அறை, என் பென்ஷன், என் ஸ்கூட்டர். கணக்குப் பார்ப்பவன் நானா?

வழியில், பள்ளிக்கூட வேன்கள் நிற்கும் ஷெட்டில், 'டிரைவர் தேவை' என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையை மாட்டிய வேன்கார அம்மாள் மூன்று வேன்களைத் தனியாளாக நடத்துகிறவள். அவர் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு வேனைக் கொடுத்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாள். இரண்டு சுவர்களுக்கு நடுவே, இருபுறமும் ஒரு கை மட்டும் நுழையும் இடைவெளி விட்டு அவர் வேனைச் செருகிக் காட்டியதும், "நாளைக்கே வந்துடுங்கண்ணே" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, இனி பேத்தியைக் கொண்டுவிட முடியாது, வேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. எந்த வேன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கிறவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டார்கள். மறுநாளே பள்ளி அலுவலகத்துக்கு போன் போட்டு, எங்கள் தெரு வழியாக வரும் வேனில் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஒரு மாதக் கட்டணத்தையும் கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஹாரன் கேட்டது. மகள் பேத்தியின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஸ்டியரிங்கில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

பேத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாத்தா பெரிய வண்டி வாங்கிட்டாரு" என்று உள்ளே இருந்த பிள்ளைகளிடமெல்லாம் சொன்னாள். வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மனைவி சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மாப்பிள்ளை பைக்கைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார். மகள் மட்டும் வேன் ஜன்னலருகே வந்தாள்.

"சும்மா கூட்டிட்டுப் போன பிள்ளையை இப்பக் காசு வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"காசு எனக்கு வரலை, முதலாளி அம்மாவுக்குப் போகுது. எனக்குச் சம்பளம். பிள்ளையை ஏத்து, நேரமாகுது."

அந்த ராத்திரி வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டன. மகள் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். தெருவே அவளைக் கேள்வி கேட்கிறதாம். வயசான மனுஷனை வேலைக்கு அனுப்பிவிட்டாளே என்று. அதற்கு மேல் சொன்னதுதான் அவரைத் தைத்தது.

"ஒரே சம்பளத்துல இந்த வீட்டைக் கட்டினீங்க. அதுவும் முப்பது வயசுல. நாங்க ரெண்டு பேரும் ஓடி ஓடி உழைச்சு ஒரு பாத்ரூம்கூட வாங்க முடியலை. உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. எனக்கு வருமா? இவருக்கு வருமா? உங்க காலத்துல எல்லாம் மலிவா கிடைச்சுது, அதை நீங்க சாமர்த்தியம்னு நினைச்சுக்கறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். ஆனால் அந்த முப்பது வயசில் இரட்டை ஷிப்ட் பார்த்து, மகள் முதல் அடி எடுத்துவைத்ததைக்கூடப் பார்க்காமல் வண்டி ஓட்டியது யார்? அதெல்லாம் மலிவா? சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

முதல் சம்பளம் வந்தது. நோட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மாவே கடைத்தெருவைச் சுற்றினார். யாரிடமும் கேட்காமல் டீ குடித்தார். மீதியை அப்படியே எடுத்துவைத்தார். அடுத்த சம்பளமும் சேர்ந்தால் பல் செட்டுக்கு ஆகிவிடும்.

இரண்டாவது சம்பளமும் வந்தது. பல் டாக்டரிடம் நாள் குறித்துக்கொண்டார். அதற்கு முந்தின சாயங்காலம் வேன்கார அம்மாள் அவரை ஷெட்டில் தனியாகக் கூப்பிட்டாள். சொல்லத் தயங்கினாள், தயங்குகிற ஆள் இல்லை அவள்.

"அண்ணே, உங்க வீட்டுப் பிள்ளைக்கு இந்த மாசம் கட்டலை. போன் பண்ணிக் கேட்டேன். உங்க பொண்ணு, அப்பா சம்பளத்துல பிடிச்சுக்குங்கன்னு சொல்றாங்க. பிடிச்சுக்கவா?"

அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கார்டைத்தான் பிடித்துக்கொண்டாள் என்றால், கைக்கு வந்த சம்பளத்தையுமா?

"ஒரு பைசா பிடிக்கக்கூடாது" என்றார்.

"அப்ப ரூல் உங்களுக்குத் தெரியும். கட்டாத பிள்ளையை ஏத்தறதில்லை. உங்க பேத்தின்னு விட்டா, நாளைக்கு எல்லா வீட்டுலயும் ஒரு தாத்தா கிளம்பிடுவாரு."

ராத்திரி மகளிடம் அவர் எதுவும் பேசவில்லை. அப்பா எப்படியும் ஏற்றிக்கொள்வார் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம்தான் வந்தது. காலையில் வழக்கம்போல வேன் வாசலில் நின்றது. பேத்தி கதவுப் பக்கம் ஓடிவந்தாள். அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக மகளைப் பார்த்தார்.

"கட்டணம் கட்டலை. ஏத்த முடியாது."

"அதான் உங்க சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லிட்டேனே."

"என் சம்பளம் உங்க அம்மாவோட பல்லுக்கு."

"அப்பா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு. விளையாடாதீங்க. டிரைவரா பேசறீங்களா, அப்பாவா பேசறீங்களா?"

"டிரைவராத்தான். அப்பாகிட்ட நீ எதையும் கேட்டு எடுத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சு."

 அவர் கியரைப் போட்டார். கண்ணாடியில் பேத்தி கையாட்டிக்கொண்டே சின்னதாகிப்போனாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா அடுத்த சுற்றில் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்றுதான் நினைத்திருப்பாள்.  அதை நினைக்க நினைக்க அவருக்குக் கோபம் அதிகமானது. சொந்தப் பேத்தியைத் தெருவில் விட்டுப்போகும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது யார் என்று ஸ்டியரிங்கைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

வேனை ஷெட்டில் விட்டுவிட்டு நேரே பல் டாக்டரிடம் போனார். சொன்னபடி மனைவி அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையை நடத்தியே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாளாம். அதை டாக்டர் அம்மாளிடம் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

"பிள்ளையை வாசல்ல நிறுத்திட்டு வந்த மனுஷன் காசுல எனக்குப் பல்லு வேணாம்" என்று டாக்டரைப் பார்த்தே சொன்னாள்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தாள் அல்லவா, டாக்டர் அம்மாள் அந்த நேரம் பார்த்து பல் அளவெடுக்கும் அச்சுப் பசை நிரப்பிய தட்டை உள்ளே வைத்து அழுத்திவிட்டார். "இறுகற வரைக்கும் பேசக்கூடாது, அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பதில் சொல்ல முடியாமல் அவர் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீயும் என் மேலதான் கோபப்படுவே. எல்லாரும் என் மேலதான். அறையைக் கொடுத்தேன், கூடத்துல படுத்தேன். கார்டைக் கொடுத்தேன், முடி வெட்டக் கை ஏந்தினேன். அவளுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியாதா? அந்த ஃப்ளாட் எழும்பலைங்கறதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். கேக்கறதுக்குக்கூட நான் லாயக்கில்லாமப் போயிட்டேனா? என் சம்பளத்தை என்னைக் கேக்காம இன்னொருத்தர்கிட்டப் பிடிச்சுக்கச் சொல்றா. நீ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறதைப் பார்த்துக்கிட்டு நான் இருக்கணுமா? நான் ஒண்ணும் பிள்ளையை விட்டுட்டுப் போகலை. அந்த இடத்துல நிக்க முடியாமத்தான் போனேன்."

 மனைவி அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை மட்டும் நகர்ந்து, மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, எதையோ எடுத்து அவர் முழங்காலில் வைத்தது.

அவருடைய பென்ஷன் கார்டு.

டாக்டர் அம்மாள் வந்து தட்டை எடுத்ததும் மனைவி கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்க பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்க. அவ என்கிட்ட, நீயாவது நடத்திக் கூட்டிட்டுப் போம்மான்னா. முதல்ல கார்டைக் கொடு, அப்புறம் பிள்ளையோட கையைக் கொடுன்னேன்."

"கொடுத்துட்டாளா?"

"கொடுத்துட்டு அழுதா. இந்த மாசத் தவணைக்கு நான் எங்க போவேன்னா. எங்க வேணா போ, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நேரா கேளுன்னேன்."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் போகவில்லை, ஆனால் உட்கார ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது அதற்கு.

"பிள்ளைக்கு இந்த மாசக் கட்டணம் நாம கட்டுறோம்" என்றாள். "நாம கட்டுறோம். அவ பிடிச்சுக்கலை. ரெண்டும் வேற."

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசம் அவ கட்டலைன்னா நிறுத்தாமலே போங்க. நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன், கால் இருக்கு."

டாக்டர் அம்மாள், பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மாதிரிப் பற்கள் வரிசையாகப் பதித்த ஒரு பட்டையை நீட்டினார். மனைவி அதில் இருப்பதிலேயே வெளுப்பானதைத் தொட்டாள்.

"இது ரொம்ப வெள்ளையா இருக்கு" என்றார் அவர். "பொய்ப் பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே" என்றாள். "யார் காசுல வாங்கினதுன்னும் சேர்த்துத் தெரியட்டும்."