உப்பில்லாத இருபது நாள்

எண்பத்திநாலு பங்குனியில் நான் பத்து நாள் தூங்கவில்லை. சமணமலை மேல் ஏறி நின்று, மைக்செட் இல்லாமலேயே கீழக்குயில்குடி முழுக்கக் கேட்கும்படி பேசினேன். டாக்டர் பஞ்சாபகேசன் லித்தியம் மாத்திரை கொடுத்தார். பேச்சு நின்றது. கூடவே கோபம், அழுகை எல்லாம் நின்றது. வாடிப்பட்டியில் மாமனார் செத்தபோது போனேன், பாடை தூக்கினேன், வந்தேன்.

கப்பலூரில் லேத் வேலை எனக்கு. மாத்திரை தொடங்கி மூணாவது வாரம் ஒரு நாள் கை நடுங்கி, அளவு பார்க்கவே முடியவில்லை. நாக்குக் குழறியது, கால் பின்னியது.

"என்ன காளை மாப்ள, காலையிலேயே ஊத்திட்டியா?" என்றான் பக்கத்து மெஷின் பால்பாண்டி. நான் வாந்தி எடுத்ததும் சிரிப்பை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்கு ஏறியிருந்தது. மாத்திரை என்னவோ அதே அளவுதான். கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். ஓடிவந்த என் பெண்சாதி முத்துத்தாயிடம், வீட்டில் என்ன சாப்பாடு என்று டாக்டர் கேட்டார்.

"பத்தியச் சாப்பாடுதேன் சார். இருபது நாளா உப்பு, புளி சேக்கல. இம்புட்டுப் பெரிய மருந்துக்குப் பத்தியம் இல்லாம எப்படி?"

பத்தியம் இருக்கும்படி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மருந்தென்றால் பத்தியம் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் சொல்லியிருக்கணும்மா. உப்பு உள்ளே வெளியே போய்வந்தாத்தான் மூளை நரம்பு சேதி அனுப்பும். இவருக்கு அது சில சமயம் தறிகெட்டு ஓடுது. லித்தியமும் ஒரு உப்புதான், அதை அடக்குது. சாப்பாட்டுல உப்பு இல்லேன்னா கிட்னி இந்த மருந்தை வெளியே விடாது. இன்னும் நாலு நாள் போயிருந்தா ஆளே இல்லை."

முத்துத்தாய் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "உப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உப்பில்லாததே தெரியலடி."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"மாத்திரைய நிறுத்திட்டா பழைய ஆளா ஆயிருவாரா சார்?"

"மலை ஏறின ஆளா வேணா ஆவாரு."

பத்து நாள் கழித்து, அளவைக் குறைத்து மறுபடி மாத்திரை எழுதினார். அன்று முத்துத்தாய் சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முன்பெல்லாம் உப்பு ஒரு கல் கூடினாலும் நான் வீசும் தட்டு பறக்கும்.

"உப்பு எப்படி இருக்கு?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். "கரிக்குது! உப்புப் போட கை அம்புட்டுத் தாராளமாப் போச்சா?" என்று சிரமப்பட்டுக் கத்தினேன்.

அவள் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள்.

"சரியாத்தேன் இருக்கு. எனக்காகக் கத்த வேணாம்," என்றாள். "சாப்பிட்டு மாத்திரையப் போடுங்க."