ரோஜா நிறத்தில் மூன்று கழிகள்

காபியில் சோப்பு வாடை அடிக்கிறது என்று இளங்கோவன் சொல்ல ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. மகள் சுகாசினி டம்ளரை மாற்றினாள், பால் வாங்கும் இடத்தை மாற்றினாள், கடைசியில் காபித்தூளையும் மாற்றிப் பார்த்தாள். வாடை போகவில்லை. எப்படிப் போகும்? அது காபியில் இல்லையே, அவர் மண்டைக்குள் அல்லவா இருந்தது.

மனிதர் ஐயம்பேட்டைச் சாயப் பட்டறையில் முப்பது வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். நாக்கில் ஒரு சொட்டு விட்டாலே தண்ணீரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் வீட்டைத்தான் சுகாசினி தன் தொழிலுக்கு மாதிரி வீடாக்கியிருந்தாள். தண்ணீர் வீணாகாதபடி வீட்டின் உட்புறத்தை வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவள், அம்மா போன பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டாள்.

மாடியில் குளித்த தண்ணீர் ஜல்லியும் கரியும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடிந்து, சுவர்ப் பலகைக்குப் பின்னால் சாம்பல் நிறக் குழாய் வழியாக இறங்கி, கீழே கழிவறையின் ஃப்ளஷ் தொட்டிக்கு வரும். கிணற்றிலிருந்து ஏற்றிய நல்ல தண்ணீருக்கு நீலக் குழாய். ஏற்பாடு இவ்வளவுதான்.

"குளிச்ச தண்ணி வூட்டுக்குள்ளயே சுத்திக்கினு இருக்குது. அது சமையல்கட்டுக்கு வராதுன்னு என்னா நிச்சயம்?" என்பார் இளங்கோவன். குழாய் போட்ட ஜோசுவா எங்கேயோ மாற்றி இணைத்துவிட்டான் என்பது அவர் கட்சி. ஜோசுவா மூன்று முறை வந்து காட்டிவிட்டுப் போனான். நான்காம் முறை போனை எடுக்கவில்லை. சந்தேகத்துக்கு அதுவும் ஒரு சாட்சி ஆயிற்று.

கழிவறை விஷயத்தில் இன்னும் மோசம். முதல் நான்கு நாள் அதன் வாசலையே மிதிக்காமல் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்கு நடந்தார். ஐந்தாம் நாள் மகள் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் உள்ளே போனார். அதுவும் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான். இன்றுவரை அந்த வாளி இல்லாமல் போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லிநாதன் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. திருப்புட்குழியில் புது வீடு கட்டுகிற நெல் வியாபாரி. சமணர், துணியில் வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்காதவர்.

"இந்த வேலை கெடைச்சா இங்கியே இருப்பேம்பா. இல்லன்னா அடுத்த மாசம் மறுபடி சென்னைதான்" என்று சுகாசினி சொல்லியிருந்தாள்.

தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட இளங்கோவனால் முடியாது. ஆனால் வருகிறவர் சமையலறையில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்து முகம் சுளித்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை மகள் வெளியே போனதும் வேலையை ஆரம்பித்தார். சோப்பு கலந்த தண்ணீரில் சாயம் சீராகப் பிடிக்காது, பட்டில் தேமல் தேமலாக நிற்கும். அதிலும் வெளிர் ரோஜா நிறம் பொல்லாதது, எதையும் மறைக்கத் தெரியாது. பட்டறையிலிருந்து வளையமாகச் சுற்றிய சின்னக் கழிகளாகக் கொஞ்சம் வெள்ளைப் பட்டு நூல் கொண்டுவந்திருந்தார். ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில், ஒன்றைச் சமையலறைத் தண்ணீரில், மற்றொன்றை ஃப்ளஷ் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில் சாயம் ஏற்றினார். கெட்டது எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா?

கொல்லைக் கொடியில் மூன்றும் காய்ந்தன. சமையலறைக் கழி பழுதில்லை. தலையிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. ஜோசுவாவைத் திட்டியதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டார். பிறகுதான் மூன்றாவது கழியைப் பார்த்தார். அதிலும் ஒரு திட்டு இல்லை.

வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராகப் போய்ச் சுவர்ப் பலகையைக் கழற்றினார். சாம்பல் குழாயின் வால்வு இறுக மூடியிருந்தது. நீலக் குழாய்தான் ஃப்ளஷ் தொட்டிக்குத் திறந்திருந்தது. குளித்த தண்ணீரெல்லாம் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் சுகாசினி வந்தபோது மூன்று கழியும் மேசைமேல் இருந்தன, பக்கத்தில் பலகையும். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எப்பலேர்ந்துமா?"

"நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போயிக்கினு இருந்தியே, நாலாம் நாள் ராத்திரி. நீ தெருவுல நடந்து போறத என்னால பாக்க முடியல."

"வூடு பாக்க வந்தவங்ககிட்ட என்னா சொன்னே?"

"ஓடுதுன்னு சொன்னேன்." அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். "உங்கிட்ட சொன்னா, பாத்தியா நான் சொன்னேன் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லுவே."

சொல்லியிருப்பார்தான். இரண்டு மாதமாக எதில் எதிலோ அழுக்கைத் தேடியவர், தன் பக்கம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

விடிந்ததும் மகளுக்குச் சொல்லாமல் நீலத்தை மூடிச் சாம்பலைத் திறந்தார். தொட்டியில் இருந்த பழைய தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினார். மாடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு ஆறஅமரக் குளித்தார். தண்ணீர் வடிந்து கீழே வந்ததும் மிச்சமிருந்ததில் நான்காவதாக ஒரு கழிக்கு அதில் சாயம் ஏற்றினார்.

மல்லிநாதன் பத்து மணிக்கு வந்தார். குழாய்களைத் திறந்து மூடினார், பலகையைத் தட்டிப் பார்த்தார். சுகாசினி விளக்க விளக்கத் தலையாட்டியவர், கழிவறை வாசலில் நின்று சட்டென்று இளங்கோவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சாயம் போடறவராமே. உள்ளதச் சொல்லுங்க. இதுல வர்றது குளிச்ச தண்ணிதானா?"

சுகாசினி தரையைப் பார்த்தாள்.

"இன்னிக்கிக் காலையிலேர்ந்துதாங்க" என்றார் இளங்கோவன். "அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா கெணத்துத் தண்ணிதான். நான் அருவருப்புப் பட்டேன், எனக்காக எம்பொண்ணு மூடிட்டா. ஏற்பாட்டுல கொறை இல்ல. கொறை எங்கிட்ட."

காலையில் சாயம் ஏற்றிய, ஈரம் காயாத கழியைக் கொண்டுவந்து நீட்டினார். ரோஜா நிறம் அங்கங்கே வெளுத்து, தேமல் விழுந்து, பார்க்கச் சகிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர்க் கழியையும் பக்கத்தில் வைத்தார். மல்லிநாதன் இரண்டையும் விரலால் நெருடிப் பார்த்தார்.

"சரி. இப்ப நீங்க இதப் பொழங்குறீங்களா?"

இளங்கோவன் வால்வைத் திறந்தாரே தவிர, காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் இருந்தார். மகள் இப்போது நிமிர்ந்து அவரையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை.

கிணற்றுத் தண்ணீர் வாளி கதவோரம் தளும்ப இருந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே நின்ற இருவருக்கும் ஃப்ளஷ் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.