மூன்றாம் தட்டின் ரத்தக்குழாய்கள்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு. அளந்து முடிப்பதற்குள் விடைத்தாளைப் பார்த்துவிட்டேன்.

நோட்டில் இதை எழுதியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். மாலை வகுப்பில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை.

பகலில் அவளுக்கு ஆய்வகத்தில் வேலை. மூச்சுக்குழாயில் கிருமி தொற்றிய எலிகளுக்கு அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் பருத்துவிடுகின்றன. பருக்க வைப்பது அங்கே திரளும் வெள்ளணுக்களா என்பது ஆராய்ச்சி செய்யும் அக்காவின் கேள்வி. பாதி எலிகளுக்கு அந்த அணுக்களைக் குறைக்கும் மருந்து. எது எந்த எலி என்று தெரியாமல் குழாய்களின் பருமனை அளக்க வேண்டும். அதனால் திசுவை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளில் வெறும் எண்கள்தான்; எந்த எண் எந்த எலி என்பது தனியாக விடைத்தாளில் இருக்கும்.

ஸ்லைடுகள் அடுக்கிய மூன்றாம் தட்டில் ஒரு எண் துடைக்கும் ஸ்பிரிட் பட்டு அழிந்திருந்தது. அதைத் தேடத்தான் தாளைப் பிரித்தாள். கண் சும்மா இருக்குமா? முழுப் பட்டியலையும் மேய்ந்துவிட்டது. அதன்பின் மருந்து கொடுத்த எலிகளின் குழாய்கள் எல்லாம் ஒல்லியாகவே தெரிந்தன. நிஜமாகவே ஒல்லியா, தன் கைதான் குறைத்து அளக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வகுப்பைப் பாதியில் விட்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

"அக்கா, மூணாவது தட்டைச் சேர்க்காதீங்க."

"ஏன்டி? அதுதானே அழகா வந்திருக்கு!"

"அதான் பயமா இருக்கு." விடைத்தாளைப் பார்த்ததைச் சொல்லி முடித்தாள்.

"எத்தனை அளந்த பிறகு பார்த்தே?"

"நாலு. மிச்ச இருபதும் பார்த்துட்டு அளந்தது."

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். "வியாழக்கிழமை கூட்டத்துல இதைத்தான் காட்டப்போறேன். தெரியுமில்ல? மத்தியானத்திலேருந்து வாயைத் தைச்சு வச்சிருந்தியா?"

"புது எண் ஒட்டிக் குடுங்கக்கா, திரும்ப அளக்கறேன்."

"உன் கண்ணு மறந்துடுமா?"

அவள் யோசித்தாள். ஒரு ஸ்லைடில் ஓரமாகக் காற்றுக்குமிழி, இன்னொன்றில் மடிப்பு. பாதிக்கு மேல் அவளுக்கு முகம் தெரியும்.

"மறக்காதுக்கா."

"அப்ப அளக்கறது நீ இல்ல. எதிர் ரூம்காரர் அளப்பார். என்ன வருதோ வரட்டும்."

"மருந்து குடுத்த எலிக்கும் குழாய் எல்லாம் ஒரே மாதிரி பருத்திருந்தா?"

"பருத்திருக்குன்னு சொல்லிட்டு உக்காருவேன். போடி, தலைவலி வருது."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள்.

நாளை: இருபத்துநான்கு ஸ்லைடுகளுக்கும் புது எண் ஒட்டி, வரிசையைக் கலைத்து, ஒன்பது மணிக்குள் எதிர் அறையில் கொடுக்க வேண்டும். தாள் அக்காவின் பூட்டிய இழுப்பறையில்.