ராக்கெட் படத்தில் வந்த கை

பக்கத்து குவார்ட்டர்ஸ் ருக்மிணியின் கணவர் அனந்தராமன் படத்தில் வருகிறார் என்று கேட்டதிலிருந்து சாவித்ரிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பெரிய சினிமா ஒன்றும் இல்லை. ராக்கெட் விட்டதைக் கொண்டாடி டில்லிக்காரர்கள் எடுத்த பத்து நிமிஷப் படம். அந்த ராக்கெட்டுக்கு ஒரு வளையம் இந்தக் காலனிக்காரர்கள் வேலை பார்க்கும் காஞ்சன்பாக் ஆலையில் செய்தார்கள். லேத்தில் நின்று அதைக் கடைந்தவர் சாவித்ரியின் கணவர் உமாசங்கர். அனந்தராமன் அளவு பார்த்துக் கையெழுத்துப் போட்டதோடு சரி. ஆனால் கேமராக்காரனுக்கு அவர் முகவெட்டுதான் பிடித்ததாம்.

"நீங்க ஏன்னா ஒதுங்கி நின்னேள்?"

"வேலை இருந்துதுடி" என்றார் உமாசங்கர். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

சனிக்கிழமை இருட்டியதும் காலனி மைதானத்தில் திரை கட்டினார்கள். உமாசங்கருக்கு செகண்ட் ஷிப்ட். சாவித்ரி தனியாக வந்தாள். ருக்மிணி பட்டுப்புடவையில் வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பத்து நிமிஷப் படத்துக்குப் பட்டா! தலையில் முழ மல்லிகை வேறு.

திரையில் அனந்தராமன் இரண்டு நொடி சிரித்தார். அடுத்து, திரை முழுக்க இரண்டு கைகள் வளையத்தின் விளிம்பை மெல்லத் தடவிப் பார்த்தன. மைதானமே கைதட்டியது. "ஏக் பார் அவுர்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஆபரேட்டர் மறுபடி ஓட்டினார்.

"அனந்தராமன் கையிலே என்ன நிதானம் பாரேன்!" என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஜலஜா மாமி ருக்மிணியின் தோளைத் தட்டினாள். ருக்மிணி தலை குனிந்து சிரித்தாள். இரண்டு தடவையும் சாவித்ரி திரையைப் பார்க்கவில்லை. ருக்மிணியின் முகத்தைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை ஓட்டியபோதுதான் நிமிர்ந்தாள். அந்த வலது சுண்டுவிரல்! மற்ற விரல்களோடு சேராமல் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அது எங்காத்துக்காரர் கை!" சாவித்ரி எழுந்தே நின்றுவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "கையைப் பார்த்தே சொல்லிட்டியா?" என்றாள் ஜலஜா மாமி.

"பதினோரு வருஷமாப் பார்க்கறேன், தெரியாதா? காபி டம்ளரைப் பிடிச்சாலும் அந்தச் சுண்டுவிரல் இப்படித்தான் நிக்கும்!"

"ஹவ், ஆமாம், உமாசங்கர் சார் விரல்தான்!" என்றார் அவரோடு லேத்தில் நிற்பவர் ஒருவர். இந்த முறை கைதட்டல் சாவித்ரிக்கு. அவள் வெற்றியோடு ருக்மிணி பக்கம் திரும்பினாள்.

ருக்மிணி வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவையும் எங்காத்துக்காரர் கைன்னுதான் நினைச்சேன் சாவித்ரி" என்றாள் மெதுவாக. "எனக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம்தான்."

அந்த முகம் வாடுவதைப் பார்க்கத்தான் சாவித்ரி ஒரு வாரமாகத் தவித்தாள். இப்போது அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.