கலரி காணாமல்போன வாரம்

…போனால் போகட்டும் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல வாய் வரவில்லை, ஆறு வருட எழுத்து அல்லவா, ஆனாலும் இன்றைக்கு இப்படிச் சந்தோஷமாக இருக்கிறதே, இது என்ன மனம், என்று தன்னையே கேட்டுக்கொண்டு கேதீஸ்வரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள், ஞாயிறு காலை, நுவரெலியாக் கடைவீதி இன்னும் பனிமூட்டத்துக்குள் கிடந்தது, கீழே கோபிசங்கரின் அப்பா புடைவைக்கடைப் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்க்கிற சத்தம், லீக்ஸ் ஏற்றின லொறி ஒன்று உறுமுகிற சத்தம், மாடியில் கோபி நடத்துகிற இந்தக் கணினி நிலையத்தில் அவளும் நான்கு கணினிகளும் மட்டும்… போன வாரம் இங்கேயிருந்துதான் கோபி தொலைபேசியில் கூப்பிட்டான், “டீச்சர், கலரிய காணோங்க,” என்றான், கட்டிப்போட்ட ஆட்டைக் காணோம் என்பதுபோல. “வடிவாப் பாத்தனியே தம்பி?” “பாத்துட்டேன் டீச்சர். நமக்கு ஓசியில எடம் குடுத்திருந்த அமெரிக்காக்காரன் கடைய மூடிட்டான். ஒரு பக்கம்கூட இல்ல.” நகல் வைத்திருந்த கணினியோ போன மாரியில் இடிமின்னலோடு போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு யாரைக் கோபிப்பது, வானத்தையா… அன்று பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஒளித்தெறிப்பு நடத்தும்போது கண்ணாடி என்று எழுத வேண்டிய இடத்தில் கலரி என்று எழுதிவிட்டு, பிள்ளைகள் சிரித்த பிறகுதான் கண்டாள்.

கலரி… அவளும் கோபியும் நடத்தின சினிமா விமர்சன இணையத்தளத்துக்கு அந்தப் பெயரை வைத்ததே ஒரு சண்டையில்தான், தியேட்டரில் திரைக்குக் கிட்ட, கழுத்து நோக அண்ணாந்து பார்க்கிற மலிவான இருக்கைகள், விசிலும் தீர்ப்பும் அங்கேயிருந்துதானே முதலில் வரும், அதனால் அந்தப் பெயர்தான் என்று இவள் நின்றாள், கோபி ஏதோ நவீனமான பெயர் கேட்டான், கடைசியில் விட்டுக்கொடுத்தான். அவளுக்குப் படம் பார்க்கிற பழக்கம் வந்ததும் அப்படியான கூட்டத்தில்தான், தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத அந்த வருடங்களில், யாரோ வீட்டு முற்றத்தில் ஜெனரேட்டர் வைத்துப் படம் போடுவார்கள், மண்ணெண்ணெய் தீர்ந்து பாதியில் நின்றுவிடும், ஆனால் ஒருவரும் எழும்பிப் போக மாட்டார்கள், மிச்சக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள், செத்த கதாநாயகனை மாமி ஒருத்தி பிழைக்க வைத்துவிடுவாள்… முடிவு தெரியாத படங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன அவளிடம், அவற்றையெல்லாம் தேடிப் பார்க்கலாமே, ஏன் பார்க்கவில்லை? பிறகு இடப்பெயர்வு, வவுனியா, ஆசிரியர் நியமனம், இந்த மலைக்கு வந்த முதல் மாதம் குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு படுத்தது, கதைக்க ஆளில்லாமல் பார்த்த படங்களைப் பற்றித் தாள்களில் எழுதித் தள்ளியது, கோபியின் கடைக்குத் துணி வாங்கப் போனவள் அவன் மாடியில் புதிதாகக் கணினிகள் வைத்திருப்பதைக் கண்டு ஏறி வந்தது…

எவ்வளவு துணிச்சல் இருந்தது இரண்டு பேருக்கும். விளம்பரம் போடுவதில்லை, எழுதுகிறவருக்கோ நடத்துகிறவருக்கோ ஒரு சதம் இல்லை, படக்காரர் தரும் ஓசி டிக்கெட்டில் எழுதுவதில்லை, இவ்வளவுதான் சட்டம், அடியில் ‘இலாப நோக்கமற்றது’ என்று ஒரு வரி, அதைப் படித்துவிட்டுக் கோபியின் அப்பா, “லாப நோக்கம் இல்லேன்னா அப்புறம் எதுக்குடா லைட்ட போட்டு வச்சிருக்க?” என்று கேட்டார், கேட்டவர்தான் போன வருடம் தன் பழைய மேசையை மாடிக்குத் தூக்கிக்கொடுத்தார். முதல் வருடம் முழுக்க எழுத்துருத் தொல்லை, அவர்களுடைய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழெல்லாம் குடித்துவிட்டு விழுந்த ஆங்கில எழுத்தாகத் தெரியும், டென்மார்க்கில் படிக்கிற தேனுஜன் என்ற பெடியன், யாரென்றே தெரியாது, ‘அக்கா, ஒரு எழுத்தும் விளங்கேல்லை, படம் நல்லதோ கூடாதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ’ என்று எழுதினான், அதுதான் கலரிக்கு வந்த முதல் மின்னஞ்சல், அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்குக் கீழேயிருந்து அப்பா கூட்டுகிற தும்புக்கட்டையால் கூரையைத் தட்டினார்…

அந்தத் தேனுஜன்தான் கலரி போனது தெரிந்த அடுத்த நாளே மின்னஞ்சலில் ஒரு பெரிய பொதி அனுப்பினான், தனக்குப் பிடித்ததையெல்லாம் சேமித்து வைத்திருந்தானாம், பிறகு தலவாக்கலையிலிருந்து ஒரு தாதி அச்செடுத்து வைத்திருந்த பக்கங்கள், பதுளையிலிருந்து ஒருவர், முகம் தெரியாத யார் யாரோ, ஒவ்வொன்றாக வந்து விழ விழ, ஏதோ ஊரெல்லாம் பிள்ளையைத் தேடிப் பிடித்துக்கொண்டுவந்து வாசலில் விடுகிறதுபோல… அவள் அழவில்லை, அழுதாள்தான், ஆனால் கோபி பார்க்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம், கோபி யாரையோ கூட்டிக்கொண்டு வந்தான், லிந்துலையில் சினிமா சீடி வாடகைக்குக் கொடுக்கிற மாயாண்டி, கடையில் ஒட்டக் கலரிப் பக்கங்களை அச்செடுக்க வந்து நாலைந்து தரம் கண்ட முகம், கக்கத்தில் சுருட்டின தாள் ஒன்று. “இந்தாங்க டீச்சர், ஒங்க பேப்பரு. கலரி காணாமப் போச்சுன்னு கோபி தம்பி சொன்னாரு, கடச் செவுத்துல இருந்து உரிச்சுக் கொண்டாந்துட்டேன்.” விரித்தாள், தேனுஜனிடமும் இல்லாத கட்டுரை, ரயில் நிலையத்தில் காதலனைப் போகவிட்டுவிட்டு நிற்கிற பெண்ணைப் பற்றின படம், ஆனால் அச்சு அல்ல, நீல மையில் கையெழுத்து. “இது உங்கட கையெழுத்தல்லோ மாயாண்டி அண்ணை?” “பின்ன? லிந்துலை ஈரத்துக்குப் பேப்பரு எத்தன நாளு தாங்கும்? ஊறிப் போயிரும், பாத்து எழுதி ஒட்டுவேன். அதுவும் ஊறும், மறுக்கா எழுதுவேன்.” வாசித்தாள், ‘ஓடாமல் நின்றாள், அதுதான் இந்தப் படத்தின் ஒரே உண்மை’, ஆம், இது தன்னுடையது, அடுத்த வரி, ‘ஓடமாட்டாள், செருப்புப் புதுசு, கடிக்கும்’… இது? சிரிப்பு வந்துவிட்டது. “எழுதேக்க கொஞ்சம் கூட்டியும் எழுதினனீங்களோ?” மாயாண்டி வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். “நானா ஒண்ணும் எழுதலீங்க. படிச்சுட்டு நம்ம ஆளுங்க ஏதாச்சும் சொல்லுவாங்க, நல்லாருந்தா ஒரு வரி சேத்துக்கறது. கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர்.”

கோபமா, யாருக்குக் கோபம், அவள் வரிவரியாகத் தட்டிக்கொண்டே போனாள், செருப்பையும் சேர்த்து, இது என்னுடையது, இது இல்லை, இது என்னுடையது… ‘நம்ம நானுஓயா ரயிலாயிருந்தால் ஓடவே வேண்டாம், நடந்தே பிடித்திருக்கலாம்.’ கை நின்றது. இந்த வரி தன்னுடையதுதானே, ஆசிரியர் அறையில் ஒருத்தி இதைச் சொல்லிச் சிரித்தாளே, தானும் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு எழுதினவளின் சிரிப்பா, கேட்டவளின் சிரிப்பா, அந்தப் பெண் லிந்துலை வழியாக வந்து போகிறவள் அல்லவா, இந்தச் சுவரில் படித்ததைத்தான் சொன்னாளோ… “இந்த நானுஓயா வரி ஆர் சொன்னது?” “அது நீங்க எழுதுனதுதானே டீச்சர்? இல்ல… தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவரு ஒருத்தரு சொன்ன மாதிரியும் இருக்கு,” என்றார் மாயாண்டி, பிறகு அவருக்கே நிச்சயமில்லாமல் கூரையைப் பார்த்தார். ஒத்துப்பார்க்க மூலம் எங்கே, அதுதான் அமெரிக்காக்காரனோடு போய்விட்டதே… அப்படியென்றால் தாதியின் பக்கங்களில், பதுளைக்காரரின் பக்கங்களில், இன்னும் உரிக்காத சுவர்களில், அவள் பெயரில் யார் யார் என்னென்ன எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஆறு வருடமாகத் தான் எழுதுவதாகவும் அவர்கள் படிப்பதாகவும் அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்… எவ்வளவு நல்ல வரி, தானே எழுதியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும், கேட்டிருந்தால் அதைவிட… கோபி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “முடிஞ்சுதா டீச்சர்? கீழ ஒங்க பேரப் போட்டு புது எடத்துல ஏத்திறவா?” என்றான். “கொஞ்சம் பொறு தம்பி,” என்றாள், சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, யாருடைய பெயரைப் போடுவது என்று உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.